வாரேன் என்று சொன்ன இடம்

அன்று காலையிலும் துணி காயப்போடும் கயிறு என் நெற்றியில் பட்டது. குளித்த ஈரத்தோடு புழக்கடையிலிருந்து வந்துகொண்டிருந்தேன். தோளில் கிடந்த துண்டு நழுவி மண்ணில் விழுந்தது. சமையலறை ஜன்னல் வழியாக என் வீட்டுக்காரி அத்தாயி பார்த்துவிட்டாள்.

"குனியோணும்னு இன்னுமா தெரியல? மாடுகூட ரெண்டு நாள்ல பழகிக்கும்."

"கவுத்த ஒரு முழம் மேல கட்டுனா மாடு ஏன் குனியோணும்?"

"மேல கட்டுனா நானு எக்கோணும். வருசத்துல ஒரு மாசம் ஊட்டுல இருக்கறவருக்காவ மிச்ச மாசமெல்லாம் நானு எக்கிக்கிட்டுக் கெடக்கட்டுமா?"

"அதெல்லாம் அந்தக் காலம். இப்பத்தான் வருசம் பூராவும் ஊட்டுலயே கெடக்கறேனே."

"அப்பக் குனிஞ்சு பழகுங்க" என்று சொல்லிவிட்டு டீ வடிகட்டப் போனாள்.

துண்டை உதறிக் கயிற்றில் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை மாற்றிக் கட்டுகிறேன் பார் என்று உள்ளே பார்த்துச் சத்தம் போட்டேன். பாத்திரம் விழும் ஓசை கேட்டது. கைதவறியிருக்கும் என்று நினைத்துச் சட்டையை மாட்டிக்கொண்டு, தலையைச் சீவிக்கொண்டுதான் போனேன். தரையெல்லாம் டீ. அவள் அடுப்புத் திட்டின் ஓரமாகச் சாய்ந்து கிடந்தாள்.

சேலத்துக்குக் கொண்டுபோனோம். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். மறுநாள் பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்தது. நடுவில் ஒரு தடவைகூட அவள் கண் திறக்கவில்லை. அதனால் நாங்கள் கடைசியாகப் பேசிக்கொண்டது அந்தக் கயிற்றைப் பற்றித்தான்.

ஆஸ்பத்திரி நடையிலேயே பேச்சு ஆரம்பித்துவிட்டது. அத்தாயி தன் உடம்பை டாக்டரம்மா பேரில் இருக்கும் மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்துவிடச் சொல்லியிருந்தாள். கல்யாணம், காதுகுத்து என்று எங்கே நாலு பேர் கூடினாலும் பந்தியில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்வாள். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவள் தம்பி கந்தப்பனும் சிரித்தவன்தான். இப்போது சிரிக்கவில்லை.

"எங்கக்காவ அறுத்துப் பாக்கறதுக்கா மச்சான் உங்களுக்குக் கட்டிக் குடுத்தோம்?"

"அவ சொன்னது உனக்கும் தெரியும், மாப்ள."

"சொன்னா? நானுந்தான் சொல்லுவேன், நாஞ் செத்தா மந்திரி வந்து மால போடோணும்னு. வருவாரா?"

என் மகள் நர்மதா அழுதுகொண்டிருந்தவள் எழுந்து வந்தாள். "மாமா, அம்மா வெளையாட்டுக்குச் சொல்லலீங்க. ஏமாத்துனா கனவுல வந்து காதத் திருகுவேன்னு சொல்லியிருக்குது. திருகுனா உங்க காதையுஞ் சேத்துத்தான் திருகும்."

கந்தப்பனின் கை தானாகக் காதுக்குப் போனது. அக்காவிடம் காதில் திருகு வாங்கிய அனுபவம் அவனுக்கு உண்டு.

டாக்டரம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும். டாக்டர் பெரியநாயகி என்று கல்லூரி வாசல் வளைவில் பெரிதாக எழுதியிருக்கிறார்கள். எங்கள் பக்கத்து வயதானவர்களுக்கு டாக்டரம்மா என்றால் அவர் ஒருவர்தான், மற்றவர்களெல்லாம் டாக்டர்கள். ராசிபுரத்தில் ஒரு ஓட்டு வீட்டில் ஆஸ்பத்திரி வைத்திருந்தார். அந்தக் காலத்தில் பிள்ளை பெறும்போது உதிரம் நிற்காமல் போனால் சேலத்துக்குத்தான் ஓடவேண்டும். போய்ச் சேர்வதற்குள் ஆள் போய்விடும். டாக்டரம்மா அந்த ஓட்டு வீட்டிலேயே ரத்தம் ஏற்ற ஆரம்பித்தார். ரத்தத்துக்கு எங்கே போவது? சேலம் – நாமக்கல் ரோட்டில் போய் நின்று லாரியை மறித்தார். என்ன லோடு என்று கேட்கமாட்டாராம். டிரைவருக்கு என்ன ரத்தம் என்றுதான் கேட்பாராம். கொடுத்தவனுக்கு இரண்டு முட்டை, ஒரு டம்ளர் பால். கொஞ்ச நாளில் அந்த ரோட்டில் ஓடும் லாரிகளில் டிரைவர் பேருக்குக் கீழே ரத்தத்தின் வகையையும் பெயிண்டில் எழுதிவைக்கத் தொடங்கினார்கள். அந்தம்மா கையைக் காட்டினால் பிரேக் போடாத வண்டி கிடையாது என்பார்கள்.

அத்தாயி பிறந்தபோது அவள் அம்மா பெருமாயிக்கு அப்படித்தான் ஆயிற்று. ஆத்தூரிலிருந்து அரிசி மூட்டை ஏற்றி வந்த ஒரு டிரைவர் ரத்தம் கொடுத்தார். தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. அவர் பெயரை யாரும் கேட்டு வைக்கவில்லை. லோடு இறக்க நேரமாகிறது என்று பாலைக்கூடக் குடிக்காமல் போய்விட்டாராம். அதனால் ஆத்தூர்க்காரர் யாரைப் பார்த்தாலும் அத்தாயி, "உங்கூட்டுல ஆராச்சும் லாரி ஓட்டுனாங்களா?" என்று கேட்பாள். யாராவது ஒருவர் ஆமாம் என்று சொல்லிவிட்டால் அவருக்கு வீட்டில் சாப்பாடு உறுதி.

டாக்டரம்மா சாகும்போது, தன் உடம்பைப் படிக்கிற பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொன்னாராம். சொந்தக்காரர்கள் கேட்கவில்லை, எரித்துவிட்டார்கள். பல வருடம் கழித்து லாரிக்காரர்களும் போர்வெல் ரிக் முதலாளிகளும் தறி வைத்திருப்பவர்களுமாகச் சேர்ந்து அவர் பேரில் கல்லூரி கட்டினார்கள். திறப்பு விழாவுக்குப் போய்வந்த அன்றே அத்தாயி சொல்லிவிட்டாள். "அந்தம்மா ஊட்டுல பொறந்தேன். அந்தம்மா ஊட்டுக்கே என்னயக் கொண்டுபோய் உட்ருங்க."

கொண்டுபோய் விட்டோம்.

நெற்றியில் பெரிய பொட்டு வைத்து, பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைப் போர்த்தினான் கந்தப்பன். மயில்கழுத்துப் பச்சையில் அரக்குக் கரை. அவளுக்குப் பிடித்த நிறம். கல்லூரி வாசலில் வெள்ளைக் கோட்டுப் பிள்ளைகள் இரண்டு பக்கமும் வரிசையாக நின்று கும்பிட்டார்கள். உடற்கூறு பாடத்துக்குத் தலைவராக இருக்கும் தேவிப்ரியா என்ற அம்மா வந்து எங்களிடம் மெதுவாகப் பேசினார். துணியை மட்டும் நாங்கள் எடுத்துக்கொண்டு போகவேண்டும் என்றார்.

"கோடியத் திருப்பி வாங்கறதா?" கந்தப்பனுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "பொணத்துக்குப் போட்ட பொறந்தூட்டுக் கோடிய எந்தூர்லீங்க திருப்பி வாங்குவாங்க? என்னமோ பண்ணுங்க. நாந் தொடமாட்டேன்."

தேவிப்ரியா அவனைப் பார்த்துத் தலையாட்டினார். "சரிங்க. நான் வெச்சிருக்கறேன்" என்றார்.

உள்ளே ஒரு குளிர்ந்த அறையில் அவளைக் கிடத்தினார்கள். கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன். நிலைப்படியைத் தாண்டும்போது என் வாய் தானாகச் சொன்னது.

"வாரேன்."

கந்தப்பன் என் முழங்கையை இறுக்கிப் பிடித்தான். அப்படியே வண்டிவரை நடத்திக்கொண்டு போனான். ஏறியதும் அடிக்குரலில், "எழவுல வந்து வாரேன்னு சொல்லலாமுங்களா மச்சான்? சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியுமே!" என்றான்.

எனக்கும் தெரியும். சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் யாரிடமும் சொல்லிக்கொள்ளமாட்டார்கள். திரும்பிப் பார்க்காமல் நடப்பார்கள். வாரேன் என்று அங்கே சொன்னால் மறுபடி அங்கே வரவேண்டியிருக்கும் என்பது சாஸ்திரம். எத்தனை துக்கத்துக்குப் போயிருக்கிறேன், ஒருதடவையும் வாய் தவறியதில்லை. ஆனால் அத்தாயியிடமிருந்து கிளம்பும்போது வேறு எதுவும் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

நான் ரிக் வண்டியில் டிரில்லராக இருந்தவன். திருச்செங்கோட்டில் வண்டி ஏறினால் ராஜஸ்தான், சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம் என்று ஊர் ஊராகப் போர் போட்டுக்கொண்டே போவோம். ஊர் நோம்பித் திருவிழாவுக்குத்தான் திரும்புவோம். கிளம்புகிற அன்று அவள் அழமாட்டாள். நான் பையை எடுத்துக்கொண்டு "வாரேன்" என்பேன். துணிக் கயிற்றுக்கு அந்தப்பக்கம் நின்றுகொண்டு அவள் "வாங்க" என்பாள். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு புழுதியிலும் கம்ப்ரசர் இரைச்சலிலும் வருடத்தை ஓட்டிவிடுவேன். ஒரு வருடம் துளை போடும் ராடு ஒடிந்து, குழிக்குள் மாட்டி, நோம்பி முடிந்தபிறகுதான் வந்தேன். அவள் கேட்டது ஒன்றுதான்: "வாரேன்னு சொன்னீங்கல்ல, அப்பறம் என்ன? சோறு போடட்டா?"

வாரேன் என்று சொல்லி நான் வராமல் இருந்ததில்லை. இந்தத் தடவை அவள் "வாங்க" என்று சொல்லவில்லை, அவ்வளவுதான். அதற்காகச் சொன்னது இல்லை என்று ஆகிவிடுமா?

கருமாதி முடிந்த மறுவாரம் மல்லசமுத்திரத்தில் பஸ் ஏறிப் போனேன். கல்லூரி வாசலில் ஒரு கொட்டகையின் கீழே டாக்டரம்மாவின் பழைய ஜீப்பை நினைவுக்காக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதன் பக்கத்தில் காவலுக்கு நின்ற ஆள் என்னை மறித்தான். வேல்முருகன் என்று சட்டையில் பேர் இருந்தது.

"பெரியவரே, சீட்டு வாங்கியாச்சா? ஆரப் பாக்கோணும்?"

"எங்கூட்டுக்காரி உள்ள இருக்கறா."

"எந்த வார்டுங்க?"

"வார்டுல இல்லீங்க."

"ஆபரேசனுக்குக் கொண்டுபோயிட்டாங்களா? பயப்படாதீங்க, இங்க நல்லாப் பாப்பாங்க. எப்ப ஊட்டுக்கு உடறேன்னாங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தாயி கேட்டிருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாள். நான் சிரிப்பதைப் பார்த்து அவனும் சிரித்தான். பிறகு விஷயத்தைச் சொன்னேன். அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "எனக்குத் தெரியாதுங்க சாமி" என்றான்.

தேவிப்ரியாவிடம் கூட்டிக்கொண்டு போனான். ஒருதடவை உள்ளே போய் நிற்கவேண்டும், அவ்வளவுதான் என்று கேட்டேன். அந்தம்மா எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"ஐயா, சொந்தக்காரங்களை உள்ள விடறதில்லைங்க. விட்டாலும் நீங்க பாக்க வர்றது அங்க இருக்காது. பொட்டு வெச்சு, பச்சைச் சேலையில கொண்டு வந்தீங்களே, அதுதான் உங்க மனசுல இருக்கணும்."

"பாக்கோணும்னு இல்லீங்கம்மா. வந்துட்டேன்னு சொல்லோணும்."

அவருக்கு உடனே புரியவில்லை. கிளம்பும்போது நான் சொன்னதைச் சொன்னேன். மேசையின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே கேட்டார். "பிள்ளைங்க படிச்சு முடிச்சதும் எல்லாரையும் மரியாதையா தகனம் செய்வோம். அன்னைக்கு உங்களைக் கூப்பிடறேன். அதுவரைக்கும் பொறுத்துக்குவீங்களா?"

சரி என்றேன். காத்திருப்பது எனக்குப் பழக்கம் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து யோசித்தால், எனக்கு அந்தப் பழக்கமே இல்லை. நான் போகிறவன். வழியில் ஊர் மாறும், ஆள் மாறும், மண்ணின் நிறம் மாறும், நாள் தெரியாது. காத்திருந்ததெல்லாம் அவள். அதே ஜன்னல், அதே கயிறு, அதே வாசல். எப்படிக் காத்திருந்தாள் என்று கேட்டுக்கொள்ள ஆள் இல்லாமல் போன பிறகுதான் கேட்கவேண்டும் என்று தோன்றுகிறது.

வெள்ளிக்கிழமைகளில் கல்லூரிக்குப் போவதை வழக்கமாக்கிக்கொண்டேன். "ஏப்பா, அது ஆசுபத்திரி. கோயிலு இல்ல" என்று நர்மதா கோபித்துக்கொண்டாள். ஜீப் கொட்டகைக்கு எதிரே ஒரு சிமெண்டுப் பலகை. அதில் உட்கார்ந்து கையோடு கொண்டுபோகும் புத்தகத்தைப் படிப்பேன். வேல்முருகன் டீ வாங்கிக்கொடுப்பான். மத்தியானம் வகுப்பு முடிந்து பிள்ளைகள் அந்தப் பக்கமாகப் போவார்கள். அவர்கள் கோட்டிலிருந்து ஒரு மருந்து வாடை அடிக்கும், கண்ணைக் கரிக்கும். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிறகு அந்த வாடைக்காகவே பலகையின் அந்தக் கோடியில் உட்கார ஆரம்பித்தேன். இவர்களில் யாரோ ஒருவர் இப்போதுதான் அவள் பக்கத்திலிருந்து வருகிறார். யார் என்று தெரியாததால் எல்லோரையும் பார்ப்பேன்.

டாக்டரம்மா நினைவு நாள் வந்தது. அன்றைக்குப் பிள்ளைகள் எல்லோரும் ரத்தம் கொடுப்பார்கள். கொடுத்தவர்களுக்கு இன்றும் இரண்டு முட்டையும் ஒரு டம்ளர் பாலும்தான். உடம்பு கொடுத்தவர்களின் குடும்பத்தையும் கூப்பிட்டிருந்தார்கள். கந்தப்பனைக் கூப்பிட்டேன். "முட்ட திங்க நா வரல" என்றுவிட்டான்.

பந்தலில் ஒரு பெண் பிள்ளை, கையில் பஞ்சை அமுக்கிக்கொண்டு, என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தது. முட்டையை உரிக்க முடியாமல் தடுமாறியது. வாங்கி உரித்துக் கொடுத்தேன். இலக்கியா என்று பேர் சொன்னது. ஆத்தூராம்.

"உங்கூட்டுல ஆராச்சும் லாரி ஓட்டுனாங்களா, சாமி?"

"இல்ல தாத்தா. எங்க தாத்தா ரைஸ் மில்லுல மூட்டை தூக்கினாரு. ஏன் கேக்குறீங்க?"

"சும்மாத்தான். முதல் வருசமா?"

"ஆமா தாத்தா." நான் யாருக்காக வந்திருக்கிறேன் என்று கேட்டது. சொன்னேன். அது கடிக்கப்போன முட்டையைத் தட்டில் வைத்துவிட்டது.

"எங்களுக்குப் பேரெல்லாம் சொல்லமாட்டாங்க தாத்தா. எங்க மேசையில இருக்குறவங்க உங்க வீட்டு ஆயாவான்னு எனக்குத் தெரியாது. ஆனா நாங்க ஆயான்னுதான் கூப்பிடுவோம்."

"ஆயான்னா அவளுக்குக் கோவம் வரும். அவளுக்கென்ன அப்பிடி வயசாயிருச்சு?"

அது சிரித்தது. பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னது. "முதல் நாள் ரொம்ப பயமா இருந்துச்சு தாத்தா. எப்படியோ அழாம நின்னுட்டேன். முடிஞ்சு கிளம்பும்போது என்ன சொல்லிட்டு வர்றதுன்னு தெரியல. எங்க வீட்டுல சொல்ற மாதிரியே, போய்ட்டு வரேன் ஆயான்னு சொல்லிட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. அடுத்த நாள்ல இருந்து அவங்களும் சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. இப்ப எங்க மேசையில யாரும் சொல்லாம வரமாட்டோம்."

"தெனமுமா?"

"தினமும்தான். மறுநாள் போகணுமே."

ஒலிபெருக்கியில் யாரோ டாக்டரம்மாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். தினமும் ஒருவர் அவளிடம் வரேன் என்று சொல்கிறார். சொன்னபடி மறுநாள் வந்தும் விடுகிறார். நான் ஆயுசுக்கும் அவளுக்குக் கொடுக்காத ஒன்று அது. அவள்தானா என்று தெரியாது. வேறொரு வீட்டு ஆயாவாகவும் இருக்கலாம். அன்றைக்கு வீட்டுக்கு வரும்வரை பஸ்ஸில் அந்தப் பிள்ளையின் குரலில் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு வந்தேன். சந்தோஷமாகவும் இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

பிள்ளைகள் படித்து முடித்ததும் தேவிப்ரியா கூப்பிட்டார். இந்தத் தடவை கந்தப்பன் தானாக வந்தான். வெள்ளை வேட்டி கட்டி, தோளில் துண்டோடு விடிவதற்குள் வாசலில் நின்றான். "உங்களத் தனியா உட்டா மறுக்காவும் எதாச்சும் சொல்லி வெப்பீங்க" என்றான்.

ராசிபுரத்துக்கு வெளியே இருக்கும் தகனமேடைக்குக் கல்லூரி வண்டியில் கொண்டுவந்தார்கள். பெரிய பெரிய மூட்டைகளாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். சின்னச் சின்னதாக, வெள்ளைத் துணியில் சுற்றி, ஒவ்வொரு பலகையிலும் ஒவ்வொன்று. வெள்ளைத் துணிக்கு மேலே பூ. ஒன்றின் மேல் மட்டும் பூவுக்கு அடியில் மயில்கழுத்துப் பச்சை. அரக்குக் கரை.

கந்தப்பன்தான் முதலில் பார்த்தான். "மச்சான்" என்றான். மடிப்புக் கலையாமல் இருந்தது சேலை. தேவிப்ரியா தள்ளி நின்றுகொண்டிருந்தார். கந்தப்பன் அவரைப் பார்த்துக் கும்பிட்டான். பிறகு குனிந்து, சேலை நழுவியிருந்த ஒரு ஓரத்தை இழுத்து, உள்ளே சொருகிவிட்டான். குளிருகிற பிள்ளைக்குப் போர்த்துவது போல.

நான் பக்கத்தில் போய் நின்றேன். பலகை ரொம்பத் தாழ்வாக இருந்தது. நன்றாகக் குனிய வேண்டியிருந்தது.

"வந்துட்டேன்" என்றேன்.

சோறு போடட்டா என்று கேட்பாள் என்று காது காத்திருந்தது. ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. பிறகு அவர்கள் பலகையைத் தூக்கினார்கள். கந்தப்பன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டான். "ஒண்ணுமே கனம் இல்லீங்க மச்சான்" என்று அழுதான்.

எல்லாம் முடிந்து கிளம்பும்போது பிள்ளைகள் வரிசையாக வந்து கும்பிட்டார்கள். இலக்கியாவும் இருந்தது. மேடையைப் பார்த்துக் கைகூப்பியது, வாய் திறந்தது, என்னைப் பார்த்தது, மூடிக்கொண்டது. பழகிப்போன வாய். எனக்கு அந்த வேதனை தெரியும். என் முழங்கையைக் கந்தப்பன் முன்னெச்சரிக்கையாகப் பிடித்திருந்தான். அவன் பிடித்திருக்க வேண்டியதில்லை. வாரேன் என்று சொன்னவளிடம் வந்து, வந்துவிட்டேன் என்றும் சொல்லியாகிவிட்டது. இனிமேல் வாரேன் என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

வெள்ளிக்கிழமைகளில் இப்போது பஸ் ஏறுவதில்லை. வேல்முருகன் ஒருமுறை போன் செய்து, பலகையில் வேறு யாரோ பெரியவர் வந்து உட்காருகிறார் என்று சொன்னான். அவருக்கும் டீ வாங்கிக்கொடு என்றேன்.

நர்மதா போன மாதம் வந்தபோது, புழக்கடைக்குப் போனவள் திரும்பி வந்து, "அந்தக் கவுத்த மேல தூக்கிக் கட்டித் தரட்டுங்களாப்பா? உங்க துணி மட்டுந்தான காயுது, உங்க ஒசரத்துக்குக் கட்டிக்கலாமே" என்றாள். ஞாயிற்றுக்கிழமை நானே கட்டிக்கொள்கிறேன் என்றேன்.

இன்று காலையிலும் குளித்துவிட்டு வரும்போது நெற்றியில் பட்டது. கயிறு அவள் உயரத்தில்தான் இருக்கிறது.